மூர்த்தி நாயனாரின் முழங்கை

மதுரைச் சொக்கநாதருக்கு நாள்தோறும் சந்தனம் அரைத்துக் கொடுப்பதை விரதமாகக் கொண்டிருந்தவர் மூர்த்தி நாயனார். படையெடுத்து வந்து நகரைப் பிடித்த வேற்றுச் சமய அரசன் அவருக்குச் சந்தனக்கட்டை கிடைக்கும் வழிகளையெல்லாம் அடைத்தான். கட்டை கிடைக்காத அன்று அவர் தம் முழங்கையையே சந்தனக் கல்லில் வைத்துத் தேய்த்தார். தோல் கிழிந்து, எலும்பு தேய்ந்து, உள்ளிருக்கும் மச்சை வெளிப்படும் வரை தேய்த்தார் என்கிறது பெரியபுராணம். ஓயாமல் உழைத்தவர்களைப் பற்றி நாம் பேசும் பேச்சிலும் இந்தக் காட்சியின் சாயல் உண்டு. ‘மாடாய் உழைத்து ஓடாய்த் தேய்ந்தார்’ என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது அதில் இரக்கம் இருக்கிறது. இரக்கத்தைவிட அதிகமாகப் போற்றுதல் இருக்கிறது. தேய்ந்ததாலேயே அந்த உடம்பு ஏதோ ஒரு புண்ணியத்தைச் சேர்த்துவிட்டதாக நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கையைத்தான் இங்கே கேள்விக்கு உட்படுத்த விரும்புகிறேன். கூலிக்காகப் பிறர் வேலையில் தேயும் தோளையும் இடுப்பையும் மணிக்கட்டையும் மூர்த்தியாரின் முழங்கையோடு ஒரே வரிசையில் வைக்கலாமா? உழைப்பு தரும் உடல்வலி தவமா, நடந்திருக்கக் கூடாத கேடா?

தசை, எலும்பு, மூட்டு சார்ந்த கோளாறுகளோடு உலகில் ஏறத்தாழ 171 கோடிப் பேர் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இவை எல்லாமே வேலையால் வந்தவை என்று சொல்ல முடியாது. முதுமை, விபத்து, பரம்பரை என்று காரணங்கள் பல. ஆனால் வேலைக்கு இதில் பங்கு உண்டு என்பது மருத்துவத்துக்குப் புதிய செய்தியும் அன்று. இத்தாலியின் மோதேனா நகரில் மருத்துவம் பார்த்த பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றித் தனி நூலே எழுதி 1700-இல் வெளியிட்டார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, அவர் என்ன தொழில் செய்கிறார் என்பதையும் மருத்துவர் கேட்டாக வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். தொழில் நோய்களுக்கு அவர் இரண்டு பெரிய காரணங்களைச் சொன்னார். ஒன்று, கையாளும் பொருளின் நச்சு. மற்றொன்று, உடலின் இயல்புக்கு ஒவ்வாத அசைவும் நிலையும். இன்றைய ஆய்வுகள் இந்த இரண்டாவது காரணத்தையே விரித்துப் பேசுகின்றன: அதிக விசை, ஒரே அசைவு திரும்பத் திரும்ப, கோணலான நிலை, அதிர்வு, இவற்றுக்கு நடுவே போதிய ஓய்வின்மை. விசைத்தறிக்கு முன்னால் ஷிப்டு முழுக்க நிற்கும் கால்கள், தையல் இயந்திரத்தின் மேல் குனிந்த கழுத்து, பீடி சுற்றும் விரல்கள், நாற்று நடும் முதுகு, 50 கிலோ சிமென்ட் மூட்டையைத் தலையில் ஏற்றும் தண்டுவடம் என்று இந்தப் பட்டியலின் பெரும்பகுதி நம் கண் முன்னே நடக்கிறது.

இவற்றுள் அதிர்வை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காரணம், அதிர்வுக்கு இரண்டு முகங்கள் உண்டு. என் கேள்விக்கு விடை தேட அதைவிடச் சரியான சோதனைக் களம் இல்லை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பெட்ஃபோர்டு என்ற ஊர் சுண்ணாம்புக் கல்லுக்குப் பேர் பெற்றது. அங்கே காற்றழுத்தச் சுத்தியல் கொண்டு கல் செதுக்கியவர்களின் விரல்கள் குளிர்காலக் காலைகளில் இரத்தம் வற்றி வெள்ளை வெளேரென்று ஆகி மரத்துப் போயின. ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் 1918-இல் அங்கே போய் அவர்களை ஆராய்ந்து, இந்தச் சுத்தியலே காரணம் என்று எழுதினார். அதிர்வு விரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் சிதைக்கிறது. முதலில் விரல் நுனி, பிறகு அடுத்தடுத்த கணு. முற்றிவிட்டால் சட்டைப் பொத்தானைப் போடக்கூட விரலுக்கு உணர்வு இருக்காது. கைக்கு வருவது இப்படியென்றால், லாரி, டிராக்டர், பேருந்து ஓட்டுபவர்களுக்கு இருக்கை வழியாக முழு உடம்புக்கும் அதிர்வு ஏறுகிறது. உட்கார்ந்திருக்கும் மனிதனின் முதுகுத்தண்டு விநாடிக்கு 4 முதல் 8 தடவை வரையிலான குலுக்கலுக்கு மிக அதிகமாக இசைந்து ஆடும். வண்டிகள் தரும் குலுக்கலின் கணிசமான பகுதி இந்த வரம்புக்குள்தான் விழுகிறது.

இனி மறு முகம். பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் நரம்பியலின் முன்னோடியான ஷார்கோ, பார்க்கின்சன் நோயாளிகள் ரயிலிலும் குதிரை வண்டியிலும் நெடுந்தூரம் போய் வந்தபின் சற்றுத் தேறியிருப்பதைக் கவனித்தார். அதிலிருந்து மோட்டார் பொருத்திய அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்வித்து, 1892-இல் அதைப் பற்றிப் பேசினார். 1966-இல் ஹாக்பார்த், எக்லுண்ட் என்ற சுவீடன் ஆய்வாளர்கள், தசையையோ தசைநாணையோ அதிரச் செய்தால் அத்தசை தானாகவே சுருங்குகிறது என்பதை விளக்கினார்கள். பின்னர் சோவியத் விளையாட்டு வீரர்களின் பயிற்சிக்குள் அதிர்வு வந்தது; 1990-களின் இறுதியில் இத்தாலியின் கார்மெலோ போஸ்கோவின் ஆய்வுகள் வழியே பரவி, இன்று ஜிம்களிலும் பிசியோதெரபி நிலையங்களிலும் அதிர்வு மேடையாக நிற்கிறது. 2001-இல் கிளின்டன் ரூபின் குழுவினர் ஆடுகளை ஓராண்டுக் காலம் நாளுக்கு 20 நிமிடம், விநாடிக்கு 30 தடவை மிக மென்மையாக அதிரும் மேடையில் நிறுத்தி, தொடை எலும்பின் உள்வலை 34 சதவீதம் அடர்ந்ததைக் கண்டார்கள். மனிதரிடம் இத்தனை தெளிவான பலன் கிடைக்கவில்லை. டொரான்டோவில் மாதவிடாய் நின்ற 202 பெண்களிடம் ஓராண்டு நடந்த சோதனையில் எலும்பு அடர்த்தி கூடவில்லை என்று 2011-இல் அறிவித்தார்கள். ஷார்கோவின் நாற்காலியைச் சிகாகோவில் மறுபடி செய்து பார்த்த ஆய்வில், அதிர்ந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் தேறிய அளவுக்கே அதிராத நாற்காலியில் உட்கார்ந்தவர்களும் தேறினார்கள். ஆகவே இந்தச் சிகிச்சையை அற்புத மருந்தாக நான் முன்வைக்கவில்லை. வயதானவர்களுக்கும் பயிற்சியே இல்லாதவர்களுக்கும் கால் தசை ஓரளவு வலுப்பெறுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. அந்த அளவோடு ஏற்பது நேர்மை.

எனினும் ஒன்று வியப்பாகவே இருக்கிறது. ஜிம்மில் உள்ள அதிர்வு மேடைகளில் பல, வேலையிடத்தில் முழு உடல் அதிர்வுக்கு உலகத் தர நிறுவனம் வகுத்த எச்சரிக்கை அளவை ஒரு நாளில் சில நிமிடங்களிலேயே தாண்டிவிடுகின்றன என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். அதே மேடையில் நின்ற ஒருவர் தொடை வலுப்பெற்று இறங்குகிறார். அதைவிடக் குறைவாகக் குலுங்கும் இருக்கையில் இருபது வருடம் உட்கார்ந்தவர் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். அதிர்வெண் வேறு, உடலின் நிலை வேறு, ஆகவே ஒப்பிடுவது தவறு என்று பொறியாளர் ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் நியாயம் உண்டு. விநாடிக்கு 30 தடவை அதிர்வது மடக்கிய முழங்காலில் பெருமளவு அடங்கிவிடும். 5 தடவை குலுங்குவது தண்டுவடம் வழியே தலை வரை ஏறும். ஆனால் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்த்து, மேடை ஏறுகிறவருக்குச் சாதகமாக அமைத்திருக்கிறார்களே, அதை யாருக்காகச் செய்தார்கள்? மேடையில் ஏறுகிறவரிடம் கர்ப்பமா, அண்மையில் அறுவைச் சிகிச்சை நடந்ததா, இரத்தக் கட்டு உண்டா, பேஸ்மேக்கர் உண்டா என்று கேட்கிறார்கள். ஒரு நிமிடம் அதிர்வு, ஒரு நிமிடம் ஓய்வு என்று பிரித்துத் தருகிறார்கள். வலித்தால் நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தும் பொத்தான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. சாலையைப் பிளக்கும் பிரேக்கர் இயந்திரத்திலும் நிறுத்தும் விசை இருக்கிறது. அதை வலிக்காக அழுத்த, இயந்திரத்தைப் பிடித்திருப்பவருக்கு அனுமதி இல்லை.

இந்த வேறுபாடு அதிர்வோடு முடிந்துவிடவில்லை என்பதைக் கோபன்ஹேகனில் நடந்த ஒரு பெரிய ஆய்வு காட்டுகிறது. ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் குழுவினர் 1,04,046 பேரை ஏறத்தாழப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் உடலை அதிகம் அசைத்தவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைந்திருந்தன. வேலையில் உடலை அதிகம் அசைத்தவர்களுக்கு இரண்டுமே கூடியிருந்தன. மிகக் கடுமையான உடலுழைப்பில் இருந்தவர்கள் மரணமடையும் வாய்ப்பு, உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிட 27 சதவீதம் அதிகம். உழைப்பாளிகள் ஏழைகள், புகைப்பவர்கள், படிப்புக் குறைந்தவர்கள் என்பதால் வந்த வேறுபாடு இது என்று உடனே சொல்லத் தோன்றும். ஆய்வாளர்கள் அவற்றையெல்லாம் கணக்கில் கழித்துப் பார்த்தபின் மிஞ்சியதே இது. முழுமையாகக் கழிக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றும் இதைப் பற்றிய விவாதம் ஓயவில்லை. ஆனால் ஆய்வாளர்கள் தரும் விளக்கம் எளிதில் தள்ளத்தக்கதாக இல்லை. விருப்பத்துக்கு ஓடுகிறவர் அரை மணி நேரம் ஓடுகிறார், மூச்சு வாங்கினால் நிற்கிறார், மறுநாள் உடம்பு சரியில்லையென்றால் ஓடுவதில்லை. மூட்டை சுமப்பவர் எட்டு மணி நேரம் சுமக்கிறார். அவருடைய இரத்த அழுத்தம் நாள் முழுக்க ஏறியே இருக்கிறது. நேற்றைய வலி ஆறுமுன் இன்றைய சுமை ஏறுகிறது. எலும்பும் தசையும் சுமையால் வளர்கின்றன என்பது உண்மை. அந்த வளர்ச்சி நடப்பது சுமை இறங்கிய பிறகு.

ஆக என் வாதம் இதுதான். உடலை வருத்துவது எப்போது பயிற்சியாகிறது, எப்போது கேடாகிறது என்பதைத் தீர்மானிப்பதில் விசையின் அளவுக்கு இருக்கும் பங்கைவிட, அதை நிறுத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதற்குப் பெரிய பங்கு உண்டு. இது உடலியல் உண்மை. அறத்தின் உண்மையும் இதுவே. தவத்தை நாம் போற்றுவதன் அடிப்படையும் இங்கேதான் இருக்கிறது. தவசி பசியைத் தேர்ந்தெடுக்கிறார்; பஞ்சத்தில் பட்டினி கிடப்பவரைத் தவசி என்று யாரும் சொல்வதில்லை. எந்த நொடியிலும் எழுந்து போகலாம் என்ற நிலையில் எழாமல் இருப்பதுதான் தவத்தின் வலிமை. எழ முடியாதவர் மீது அந்தப் பெயரைச் சூட்டுவது, அவரிடம் இல்லாத ஒரு சுதந்திரம் அவரிடம் இருப்பதாகப் பொய் சொல்வது.

இதற்கு மறுப்பாகச் சமய நூல்களையே எடுத்துக் காட்டலாம். நாயன்மார் வரலாறுகள் உடலை வருத்தியவர்களின் வரலாறுகள்தானே என்று கேட்கலாம். அவற்றை மறுபடி கவனமாகப் பார்க்கச் சொல்வேன். மூர்த்தியார் முழங்கையைத் தேய்த்தபோது இறைவனின் குரல் எழுந்து, அப்படிச் செய்யாதே என்று தடுத்தது; கையும் பழையபடி ஆனது. கண்ணப்பர் இரண்டாவது கண்ணை அகழப் போனபோது சிவலிங்கத்திலிருந்து நீண்ட கை அவர் கையைப் பிடித்தது. கூலிக்கு நெல் அறுத்த அரிவாட்டாயர் தம் கழுத்தை அரியத் தொடங்கியபோது நிலவெடிப்பிலிருந்து ஒரு கை வந்து தடுத்தது. காஞ்சியில் துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டர் தலையைத் துவைகல்லில் மோதப் போனபோது அந்தக் கல்லுக்கே கை முளைத்தது. கயிலைக்கு நடந்து கால் தேய்ந்து, தவழ்ந்து கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, புரண்டு போன அப்பரை இறைவன் அந்தப் பாதையிலேயே முடிய விடவில்லை. பொய்கையில் மூழ்கச் சொல்லித் திருவையாற்றில் எழச் செய்தார். அடியார் வருத்திக்கொள்கிறார், ஆண்டவர் நிறுத்துகிறார். இந்தக் கதைகளில் தெய்வத்தின் செயல் வலியைக் கேட்பது அன்று, வலியை நிறுத்துவது. தொண்டருடைய உடம்பு தேய்வதில் இறைவனுக்கு ஒரு பயனும் இல்லை என்பதைச் சேக்கிழார் கதைக்குக் கதை காட்டிக்கொண்டே போகிறார். உடம்பை ஓம்புவதே உயிரை ஓம்புவது என்ற திருமூலரின் நிலையோடு இது முழுவதும் பொருந்துகிறது.

எல்லா நாயன்மார்களுக்கும் அந்தக் கை நீளவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. பறைக்கும் யாழுக்கும் தோலும் நரம்பும் கொடுத்து வந்த ஆதனூர் நந்தனார் தீயில் இறங்கித்தான் தில்லைக்குள் போக வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதே கதையைக் கீர்த்தனையாகச் செய்தபோது, பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தைச் சேர்த்தார்: நந்தனாரைச் சிதம்பரத்துக்கு விடாமல் வேலை வாங்கும் ஆண்டை. நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. நந்தனாரின் பக்திக்குக் குறுக்கே நின்றது உடலின் பலவீனம் இல்லை. வேலையை நிறுத்திவிட்டுப் போக முடியாத நிலை. பண்ணையாளின் வாழ்வை அறிந்த காலத்தில் எழுதியதால் பாரதியாருக்கு அது தெரிந்திருக்கிறது. தவம் செய்யக்கூட ஒருவருக்கு முதலில் விடுப்பு வேண்டும்.

பௌத்த விநய நூல்களில் உள்ள சோணரின் வரலாறு இதைவிடத் தெளிவானது. செல்வக் குடும்பத்தில் பிறந்த சோணர் துறவியானதும், பாதம் கிழிந்து நடைபாதை முழுக்க இரத்தமாகும் வரை நடந்து நடந்து தியானம் செய்தார். புத்தர் அவரிடம் வந்து, மிக இறுகக் கட்டிய வீணை நரம்பும் தளரக் கட்டிய நரம்பும் இசை தருமா என்று கேட்டது எல்லோருக்கும் தெரியும். அதன்பின் நடந்ததைப் பலர் சொல்வதில்லை. ஒற்றை அடுக்குச் செருப்பு அணிந்துகொள்ள புத்தர் அவருக்கு அனுமதி தருகிறார். எனக்கு மட்டும் வேண்டாம், சங்கம் முழுமைக்கும் அனுமதித்தால் அணிகிறேன் என்கிறார் சோணர். அப்படியே எல்லாத் துறவிகளுக்கும் அது விதியாகிறது. காயத்துக்கு ஆறுதலோடு ஒரு கருவியும் கிடைத்தது. அந்தக் கருவியும் ஒருவருக்குச் சலுகையாக இல்லாமல் அனைவருக்கும் விதியாகக் கிடைத்தது. இந்த வரிசையில்தான் கீதையின் பதினேழாம் அத்தியாயத்தையும் வைப்பேன். உடலையும் உடலுக்குள் இருக்கும் தன்னையும் வதைக்கும் தவத்தைக் கண்ணன் அங்கே தாழ்ந்த தவம் என்று ஒதுக்குகிறான். யூத மறையின் உபாகமம், ஓய்வுநாள் கட்டளையை வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் எருதுக்கும் கழுதைக்கும் விரித்து, எகிப்தில் நீங்கள் அடிமையாக இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள் என்று காரணம் காட்டுகிறது. தானாக நிறுத்த முடியாதவர்களுக்காகவே அந்த நிறுத்தம் சட்டமாயிற்று.

அப்படியானால் முன்வினை என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் உண்டு. இவன் இடுப்பு இப்படி வலிக்க வேண்டும் என்பது ஊழ், வேலை ஒரு சாக்கு என்பது அவர்கள் கருத்து. ஊழ் உண்டா இல்லையா என்ற வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. இரண்டு ஊர்களின் வரலாறு போதும். ஃபின்லாந்தின் சுவோமுஸ்ஸால்மி வட்டாரத்தில் சங்கிலி ரம்பம் கொண்டு மரம் வெட்டியவர்களில் 1972-இல் 40 சதவீதம் பேருக்கு விரல் வெளுக்கும் நோய் இருந்தது. ரம்பத்தின் கைப்பிடியில் அதிர்வைத் தாங்கும் அமைப்பைச் சேர்த்தார்கள். கைக்கு வரும் அதிர்வு ஏழில் ஒரு பங்காகக் குறைந்தது. 1990-இல் அந்த நோய் 5 சதவீதம் பேருக்கே இருந்தது. மறுபுறம், ஆலிஸ் ஹாமில்டன் 1918-இல் எச்சரித்த அதே பெட்ஃபோர்டுக்கு 1978-இல் ஆய்வாளர்கள் மறுபடி போனபோது, அங்கே கல் செதுக்கியவர்களில் பெரும்பாலானோரின் விரல்கள் அறுபது ஆண்டுகளுக்கு முன்பு இருந்தது போலவே வெளுத்துக்கொண்டிருந்தன. ஃபின்லாந்துக்காரர்களின் ஊழ் பதினெட்டு ஆண்டுகளில் மாறியது என்றும், பெட்ஃபோர்டுக்காரர்களின் ஊழ் அறுபது ஆண்டுகள் மாறவில்லை என்றும் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஓரிடத்தில் கருவி மாறியது, மற்ற இடத்தில் மாறவில்லை. மாற்றக்கூடியதை ஊழ் என்று சொல்வது, மாற்றவேண்டியவரை அவர் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுகிறது.

கடினமான மறுப்பு வேறொன்று. அந்த வேலையை அவர் தெரிந்துதானே ஏற்றார், பிடிக்காவிட்டால் விட்டுவிட்டுப் போகலாமே என்பது அது. வேலையை விட்டுப் போகும் உரிமையும், வேலைக்கு நடுவே ஐந்து நிமிடம் கையை இறக்கும் உரிமையும் வேறு வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறுக்கிறோம். உணவை விட்டு எழலாம் என்பதால் அதில் கல் கலக்கலாம் என்று யாரும் வாதிடுவதில்லை. செய்து முடித்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி தரும் பீஸ் ரேட் முறை இதை இன்னும் நுட்பமாகச் செய்கிறது. அங்கே மேஸ்திரி தேவையில்லை. தன் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும்படி கூலியே ஆளை விரட்டுகிறது. நிறுத்தினால் நட்டம் அவருக்குத்தான் என்பதால், நிறுத்தாமல் இருப்பது அவருடைய விருப்பம்போலவே தோன்றும். அந்தத் தோற்றத்தை விருப்பம் என்று எடுத்துக்கொள்வது நியாயமாகாது. கட்டுப்பாடுகளைக் கூட்டினால் வேலையே போய்விடும், வலியைவிடப் பட்டினி கொடியது என்றும் சொல்வார்கள். பட்டினி கொடியதுதான். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் கொண்டுவந்த விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். கைக்கு வரும் அதிர்வின் முடுக்கம், எட்டு மணி நேரச் சராசரியில், விநாடியின் வர்க்கத்துக்கு 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதன்படி 10 மீட்டர் அளவில் அதிரும் கருவியை ஒருவர் நாளுக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கலாம். 20 மீட்டர் அளவில் அதிர்வதை அரை மணி நேரம் பிடிக்கலாம். மீதி நேரத்துக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும், அல்லது ஆட்கள் முறை மாற்றிக்கொள்ள வேண்டும். யாரையும் வேலையிலிருந்து நீக்கச் சொல்லாமல் வேலையைப் பங்கிடச் சொல்லும் விதி இது.

மற்றொரு மறுப்பை நான் மதிக்கிறேன். கையால் செய்யும் வேலையில் பெருமிதம் இருக்கிறது. சிற்பியும் நெசவாளியும் வலியோடு வேலை செய்தாலும் அந்த வேலையை நேசிக்கிறார்கள். அவர்களை நோயாளிகளாக மட்டும் பார்ப்பது அவமதிப்பு என்கிறது அது. காயகமே, அதாவது உழைப்பே, வழிபாடு என்று கொண்ட கன்னட வசனகாரர்களின் மரபும் இந்தப் பக்கம் நிற்கிறது. பலனில் பற்றின்றி வேலை செய்யச் சொல்லும் கீதையையும் இங்கே அழைப்பார்கள். இதற்கு விடை சொல்லத் தகுதி உள்ளவர் பிரெஞ்சுத் தத்துவ ஆசிரியை சிமோன் வெய்ல். உடலுழைப்பே ஒரு சமூகத்தின் ஆன்மிக மையமாக இருக்க வேண்டும் என்று நம்பியவர் அவர். 1934 டிசம்பரில் ஆசிரியப் பணிக்கு விடுப்புப் போட்டுவிட்டு பாரிஸின் அல்ஸ்தோம் ஆலையிலும், மறு ஆண்டு ரெனோ கார் ஆலையிலும் கூலியாகச் சேர்ந்தார். இப்படிப்பட்ட வேலை தன்னுள் கலகத்தை எழுப்பும் என்று நினைத்துப் போனவருக்கு நேர்ந்தது வேறு: களைப்பு கீழ்ப்படிதலைத் தந்தது, யோசிப்பதை விட்டுவிட வேண்டும் என்ற ஆசையைத் தந்தது. வழிபாடு என்பது முழுக் கவனம் என்று பின்னாளில் எழுதியவரும் அவரே. இரண்டையும் சேர்த்துப் படித்தால் விடை கிடைக்கிறது. வேலை வழிபாடாக வேண்டுமானால் செய்கிறவரிடம் கவனம் மிஞ்ச வேண்டும். மரத்துப்போன விரலிலும் தூங்கவிடாத தோளிலும் அந்தக் கவனம் மிஞ்சாது. சிற்பியின் பெருமிதத்தைக் காப்பது என்றால் அவர் விரல்களைக் காப்பதுதான். கீதை விடச் சொல்வது தன் செயலின் பலன் மீதான பற்றை. பிறருடைய உடம்பைச் செலவழித்துப் பலனை எடுத்துக்கொள்ள அது யாருக்கும் அனுமதி தரவில்லை.

சிகிச்சை வளர்ந்துவிட்டதே என்பது கடைசி மறுப்பு. வலித்தால் பிசியோதெரபி, தசை தளர்ந்தால் அதிர்வு மேடை, மருந்து, மசாஜ். இவற்றால் ஆறுதல் பெறுகிறவர்களுக்கு அவை மறுக்கப்படக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் இன்னும் தாராளமாகக் கிடைக்க வேண்டும். ஆனால் காயம் உண்டான இடத்துக்கே, அதே வேகத்துக்கே, அதே கருவிக்கே உடம்பைத் திருப்பி அனுப்புவதற்காகத் தேற்றுவது சிகிச்சையின் நோக்கத்தைத் திரிப்பதாகும். ராமஸ்ஸினி தொழிலைக் கேட்கச் சொன்னது மருந்தை மாற்றுவதற்காக மட்டும் அன்று. தொழிலின் நிலையையும் நேரத்தையும் மாற்றும்படி அவர் ஒவ்வொரு தொழிலுக்கும் ஆலோசனை சொன்னார்.

நம் சட்டங்களுக்கு இது தெரியாததில்லை. 1948-இன் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, காயம் உண்டாக்கும் அளவுக்கு யாரையும் சுமக்க வைக்கக் கூடாது என்று 34-ஆம் பிரிவும், நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 44-ஆம் பிரிவும் இருந்தன. கடைகளில் நிற்கும் பெண்களுக்காகக் கோழிக்கோட்டில் தையல்காரரான பி. விஜி முன்னின்று நடத்திய போராட்டத்தால் 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் தன் கடைகள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்து, கடை ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. இருக்கை வந்த கடைகளிலும், வாடிக்கையாளர் இருக்கும்போது உட்காரலாமா என்பதை மேற்பார்வையாளரின் முகமே முடிவு செய்கிறது. நாற்காலியைச் சட்டம் கொடுத்துவிடும். உட்காரும் துணிவைக் கொடுக்க நம்முடைய மதிப்பீடுகள் மாற வேண்டும். ஓயாமல் நிற்பதைப் போற்றும் பேச்சு மாற வேண்டும்.

மாற்றத்தைத் தொடங்கப் பொருத்தமான இடம் கோயில். பெட்ஃபோர்டு வட்டாரத்துக் கல்லில் எழுந்ததுதான் வாஷிங்டனின் தேசிய தேவாலயம். நம் ஊரிலும் குடமுழுக்குக்கு முன் நடக்கும் திருப்பணிகளில் கல் தச்சர்களின் கையில் உளியோடு ஆங்கிள் கிரைண்டரும் இருக்கிறது. மூர்த்தியாரின் கையைத் தடுத்த இறைவனுக்காகத்தான் அந்த வேலை நடக்கிறது. அறநிலையத் துறையும் அறங்காவலர்களும் திருப்பணி ஒப்பந்தத்தில் சில நிபந்தனைகளைச் சேர்க்க முடியும்: கருவியின் அதிர்வு அளவைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்குவது, ஒருவர் இயந்திரம் பிடிக்கும் நேரத்துக்கு வரம்பு, முறை மாற்றிக்கொள்ள ஆள், தூசியை அடக்கத் தண்ணீர், பீஸ் கணக்குக்குப் பதில் நாள் கூலி, ஆண்டுக்கு ஒரு முறை கைக்கும் நுரையீரலுக்கும் மருத்துவச் சோதனை. செலவு கூடும். ஆனால் திருப்பணிக்கு ஆகும் மொத்தச் செலவில் அது சுமக்க முடியாத கூடுதலாக இருக்காது என்றே நம்புகிறேன். நன்கொடை எழுதித் தருகிறவர்கள் ரசீது வாங்கும்போது, கல் வேலை செய்பவர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இயந்திரம் பிடிக்க வேண்டியிருக்கிறது, நடுவே எத்தனை முறை அதை இறக்கி வைக்கலாம் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத இடத்தில், பதில் வரும் வரை மறுபடி மறுபடி கேளுங்கள்.